கயிறு மட்டும் மிஞ்சும் நாள்

அமெரிக்காவில் கௌண்டி எனப்படும் வட்டாரந்தோறும் நடைபெறும் பொருட்காட்சிகளில், சிறுவர் தாமே வளர்த்த இளங்காளை, ஆடு, பன்றி முதலியவற்றைப் போட்டிக்கு நிறுத்துவர். 1902-இல் ஓஹையோ மாநிலத்தில் ஏ. பி. கிரஹாம் என்னும் பள்ளிக் கண்காணிப்பாளர் தொடங்கிய சிறுவர் மன்றமே, இம்முயற்சியை வளர்த்துவரும் ‘ஃபோர்-எச்’ இயக்கத்திற்கு வித்தாயிற்று.

பல மாதங்கள் தீவனக் கணக்கெழுதி, எடை பார்த்து, தலைக்கயிற்றுக்குப் பழக்கி, குளிப்பாட்டி, உரோமம் சீவிக் களத்துக்கு அழைத்து வருகின்றனர். ஒரு போட்டியில் விலங்கின் உடற்கட்டு மதிப்பிடப்படும். மற்றொன்றிலோ, அதனை நடத்திக் காட்டும் பிள்ளையின் திறமையே மதிப்பிடப்படும்.

முடிவில் ஏலம். இறைச்சிக்கென வளர்த்தவை பெரும்பாலும் வெட்டுக்கூடத்துக்கே செல்லும். பரிசு பெற்ற பிள்ளையும் வெறுங்கயிற்றோடு கண்கலங்கி நிற்பதுண்டு. இது கொடிதன்றோ என நம்மில் சிலர் வினவலாம். ஆயினும், உழைப்பின் ஊதியத்தோடு பிரிவின் துயரையும் மறைக்காது காட்டும் கல்வி இது என்றே நாம் கருதுகிறோம்.