கோமோ ஏரி: படகில் ஏறினால்தான் தெரியும் கரை

வட இத்தாலியில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கிறது கோமோ ஏரி. மிலான் நகரிலிருந்து ரயிலேறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அதன் கரைக்குப் போய்விடலாம். சுமார் 146 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இது, கார்தா, மஜோரே ஏரிகளை அடுத்து இத்தாலியின் மூன்றாவது பெரிய ஏரி. பனியுகத்தில் மலையிலிருந்து இறங்கிய பனியாறுகள் குடைந்த பள்ளம் என்பதால் ஆழம் 400 மீட்டரைத் தாண்டுகிறது. நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 198 மீட்டரில் நிற்கிறது; அடித்தரையோ கடல் மட்டத்துக்குக் கீழே 200 மீட்டருக்கு மேல் இறங்கிக் கிடக்கிறது.

வடிவத்தில் இது தலைகீழாகப் பிடித்த கவட்டை. கைப்பிடி வடக்கே நீள்கிறது. அதன் முனையில் கோலிக்கோ ஊருக்கு அருகே அட்டா ஆறு ஏரிக்குள் நுழைகிறது. தெற்கே பிரியும் இரண்டு கிளைகளில் மேற்குக் கிளையின் நுனியில் கோமோ நகரமும் கிழக்குக் கிளையின் நுனியில் லெக்கோ நகரமும் இருக்கின்றன. கிளை பிரியும் இடத்தில், நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலமுனையில் பெல்லாஜியோ. ஆறு வெளியேறுவது லெக்கோ வழியாக மட்டுமே. கோமோ பக்கத்துக்கு வடிகால் கிடையாது.

இந்த ஏரியைப் படகிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்குக் காரணம் நில அமைப்பில் இருக்கிறது. மலைச்சரிவு நேரே தண்ணீரில் இறங்குவதால் கரையில் சமநிலம் மிகக் குறைவு. கரையோரச் சாலைகள் குறுகலானவை. பல இடங்களில் இருபுறமும் மதிற்சுவர். ஆளும் சரக்கும் பல நூற்றாண்டுகளாகப் பெரும்பாலும் படகில்தான் போய்வந்தன. அதனால் இங்கே மாளிகை கட்டிய கார்டினல்களும் பிரபுக்களும் பட்டு வணிகர்களும் வீட்டு முகப்பைத் தண்ணீரைப் பார்க்க வைத்தார்கள். வாசற்கதவும் சிலைகளும் அலங்காரப் படிக்கட்டும் ஏரிப்பக்கம். படியின் கடைசிக் கற்கள் தண்ணீருக்குள். அடித்தளத்தில் வளைவு வைத்த படகுக் கொட்டகை. காரில் போகிறவருக்குக் கிடைப்பது இந்த வீடுகளின் புழக்கடையும் மதிலும்தான். அவற்றின் முகத்தைப் பார்க்கத் தண்ணீரில் இறங்கியாக வேண்டும்.

ஏரியில் அரசு நிர்வாகத்தின் பயணப் படகுகள் ஊருக்கு ஊர் ஓடுகின்றன. குழுவாக ஏற்றிச் சுற்றிக்காட்டும் படகுகளும் உண்டு. தனிப்படகு என்பது ஒரு குடும்பமோ நண்பர் குழுவோ படகோட்டியோடு மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பது. கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று இல்லாமல் படகுக்கு இவ்வளவு என்று பேசப்படுவதால், இருவர் போனாலும் ஆறு பேர் போனாலும் பெரும்பாலும் ஒரே தொகைதான். ஆள் சேர்ந்தால் செலவு பகிர்ந்துபோகும். தாமே ஓட்ட விரும்புவோருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. இத்தாலியச் சட்டப்படி 40 குதிரைத்திறன் வரையிலான சிறு எஞ்சின் படகைப் பதினெட்டு வயது நிரம்பியவர் உரிமம் இல்லாமலே ஓட்டலாம். ஆனாலும் முதல் முறை வருபவருக்குப் படகோட்டியோடு போவதே நல்லது. எந்த வீடு யாருடையது, எந்தத் துறையில் நிறுத்தலாம், காற்று எப்போது மாறும் என்பதெல்லாம் படகோட்டிக்குத்தான் தெரியும். பெரிய பயணப் படகு வருகிறபோது ஒதுங்கி வழிவிடுவதும் கரையை நெருங்கும்போது வேகம் குறைப்பதும் அவர் பொறுப்பு.

படகுகளில் பெரும்பாலானவை இன்று ஃபைபரால் ஆனவை. என்றாலும் வட இத்தாலிய ஏரிகளின் புகைப்படங்களில் பார்ப்பது மகோகனி மரப்படகையே. அந்த வகையில் புகழ்பெற்ற ரிவா பட்டறை கோமோவில் இல்லை. சற்றுக் கிழக்கே இசெயோ ஏரிக்கரையில் சார்னிக்கோ ஊரில் 1842-இல் தொடங்கியது. அதன் அக்வாராமா என்ற படகு 1962-இல் வெளிவந்தது. இத்தகைய படகின் மேல்தளத்தைக் குனிந்து பார்த்தால் வேலைப்பாடு புரியும்: ஒடுங்கிய செம்பழுப்புப் பலகைகள், அவற்றுக்கிடையே வெளிர்நிறக் கோடுகள், எல்லாவற்றின் மேலும் பல பூச்சு வார்னிஷ். வெயிலும் நீரும் அந்தப் பூச்சை அரித்துக்கொண்டே இருப்பதால் அவ்வப்போது தேய்த்து மறுபடி பூச வேண்டும். குதிகால் செருப்போடு ஏற வேண்டாம் என்று படகோட்டி சொல்வது அதனால்தான். இவற்றுக்கு முந்தைய உள்ளூர்ப் படகு வேறு. தட்டையான அடி, மேலே துணி போர்த்த மூன்று வளையங்கள் கொண்ட அந்த மீன்பிடிப் படகுக்கு லூச்சியா என்று பெயர். அலெஸ்ஸாந்த்ரோ மன்ஸோனியின் புகழ்பெற்ற நாவலான ‘இ ப்ரொமெஸ்ஸி ஸ்போஸி’யின் நாயகி பெயர் அது. நாவலில் அவள் லெக்கோ பக்கத்து ஊரைவிட்டு இரவில் தப்பிச் செல்வது படகில்.

கோமோ நகரத் துறையில் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம் ஏரியின் கீழ்ப்பகுதியை மட்டும் காட்டித் திரும்பும். கொமாச்சினா தீவும் பால்பியானெல்லோ மாளிகையும் பார்க்க இரண்டு மணி நேரமாவது வேண்டும். பெல்லாஜியோவில் இறங்கி நடந்து, உணவருந்தித் திரும்ப அரை நாள் ஒதுக்க வேண்டும். நேரமும் பணமும் அளவாக இருந்தால், ரயிலில் நேரே கிழக்குக் கரையின் வரென்னாவுக்குப் போய் அங்கிருந்தோ பெல்லாஜியோவிலிருந்தோ படகு எடுப்பது புத்திசாலித்தனம். ஏரியின் மிக அழகான மாளிகைகள் அந்த நடுப்பகுதியில் நெருங்கி நிற்கின்றன. போய்ச்சேரவே நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

கோமோவைவிட்டுக் கிளம்பியதும் கரையில் தெரியும் குவிமாடக் கட்டடம் அலெஸ்ஸாந்த்ரோ வோல்ட்டாவின் நினைவகம். மின்கலத்தைக் கண்டுபிடித்த வோல்ட்டா 1745-இல் இந்த ஊரில் பிறந்தவர். மின்னழுத்தத்தை அளக்கும் ‘வோல்ட்’ அவர் பெயரால் வந்தது. சற்று மேலே செர்னோபியோவில் வில்லா டெஸ்தே. கார்டினல் தொலோமேயோ கால்லியோவுக்காக 1568-இல் கட்டப்பட்டது. பின்னாளில் இங்கிலாந்தின் நான்காம் ஜார்ஜ் ஆன இளவரசரின் மனைவி கரோலின், கணவரைப் பிரிந்து வந்து 1815-இல் அதை வாங்கிக் குடியேறினார். 1873 முதல் அது ஹோட்டல்.

எதிர்க்கரையில், டோர்னோ ஊரைத் தாண்டி, மரங்கள் அடர்ந்த செங்குத்துச் சரிவின் அடியில் தனித்து நிற்கிறது வில்லா ப்ளினியானா. கோமோவின் ஆளுநராக இருந்த ஜொவான்னி அங்குயிஸ்ஸோலா 1570-களில் கட்டியது. அதன் சிறப்பு கட்டடத்தைவிட, அதற்குள் பாயும் ஊற்று. கி.பி. முதல் நூற்றாண்டில் கோமோவில் பிறந்த ரோமானிய எழுத்தாளர் இளைய ப்ளினி, ஒரு கடிதத்தில் இந்த ஊற்று நாளுக்கு மூன்று முறை பெருகி வற்றுவதை வியந்து காரணம் கேட்கிறார். சுண்ணாம்புப் பாறைக்குள் இருக்கும் குகையில் நீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். குகையிலிருந்து வெளியேறும் பாதை மேலேறி வளைந்து கீழிறங்கினால், நீர் அந்த வளைவின் உச்சியைத் தொட்டவுடன் மொத்தமும் உறிஞ்சப்பட்டு வெளியே கொட்டும்; பிறகு மறுபடி நிரம்பும்வரை அடங்கிவிடும். சைஃபன் முறை என்று பள்ளிப் பாடத்தில் வருவது இதுதான். கேள்வி கேட்டவர் பெயரே ஊற்றை அடுத்த மாளிகைக்கும் நிலைத்துவிட்டது.

மேற்குக் கரையில் லாலியோ கிராமத்தை நெருங்கும்போது படகில் இருப்பவர்கள் கைப்பேசியை எடுப்பார்கள். ஹாலிவுட் நடிகர் ஜார்ஜ் க்ளூனியின் வில்லா ஒலேயாந்த்ரா அங்கே இருக்கிறது. அது ஒருவர் வாழும் வீடு. தள்ளி நின்று பார்த்துவிட்டு நகர்வதே மரியாதை. அந்த நேரத்தை எதிரே இருக்கும் நெஸ்ஸோவுக்குக் கொடுக்கலாம். இரண்டு மலையோடைகள் பாறையைப் பிளந்து அருவியாக விழும் இடுக்கின் வாயிலில், தண்ணீரை ஒட்டி ஒரு பழைய கல்பாலம் வளைந்து நிற்கிறது. படகு பாலத்தை நெருங்கியதும் மலையிலிருந்து வரும் குளிர்காற்று முகத்தில் அடிக்கும். கோடையில் உள்ளூர்ப் பையன்கள் பாலத்தின் மேலிருந்து குதிப்பார்கள்.

அடுத்து வருவது கொமாச்சினா, ஏரியின் ஒரே தீவு. இடைக்காலத்தில் கோட்டையும் தேவாலயங்களும் நிறைந்த செழிப்பான ஊர். மிலானுக்கும் கோமோவுக்கும் மூண்ட போரில் மிலான் பக்கம் நின்றது. 1169-இல் கோமோ படையினர் அதைத் தரைமட்டமாக்கினார்கள். அதன்பின் அது மீண்டும் ஊராகவில்லை. ஆண்டுதோறும் ஜூன் இறுதியில் புனித யோவான் விழாவன்று படகு ஊர்வலமும் வாணவேடிக்கையும் தீவைச் சுற்றி நடக்கின்றன. அந்த நாள்களில் தனிப்படகு வேண்டுமானால் வெகு முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும்.

தீவைக் கடந்ததும் லென்னோ நிலமுனையின் நுனியில் வில்லா டெல் பால்பியானெல்லோ. முழுப் பயணத்தையும் இந்த ஓர் இடத்துக்காகவே மேற்கொள்ளலாம் என்று சொன்னால் மிகையில்லை. பழைய பிரான்சிஸ்கன் மடம் இருந்த இடத்தில் கார்டினல் ஆஞ்சலோ துரினி 1787-இல் எழுப்பியது. மடத்து ஆலயத்தின் இரட்டை மணிக்கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. பாறை மிகக் குறுகலாக இருந்ததால் சமச்சீரான தோட்டம் அமைக்க வழியில்லை. அந்தக் குறையே அழகாக மாறிற்று. பாறையின் வளைவுக்கேற்பப் புல்வெளி மடிகிறது. மரங்கள் ஏரிக்காட்சியை மறைக்காதபடி கிளைகள் வெட்டி உருவம் கொடுக்கப்பட்டிருக்கின்றன. உச்சியில் மூன்று வளைவு கொண்ட முகமண்டபத் தூண்களின் மேல் ஒரு கொடி ஒட்டிப் படர்ந்திருக்கிறது. கடைசி உரிமையாளர் குயிதோ மொன்ஸீனோ, 1973-இல் எவரெஸ்ட் ஏறிய முதல் இத்தாலியக் குழுவின் தலைவர். 1988-இல் அவர் இறந்தபோது மாளிகையை எஃப்.ஏ.ஐ. என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளைக்கு எழுதிவைத்திருந்தார். ஜேம்ஸ் பாண்ட் படமான ‘கேசினோ ராயல்’ காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டன. தீபிகா படுகோன், ரன்வீர் சிங் திருமணம் 2018 நவம்பரில் நடந்ததும் இங்கேதான். வாரத்தில் சில நாள் மாளிகை மூடியிருக்கும் என்பதால் நாளைப் பார்த்துப் பயணத்தை அமைக்க வேண்டும்.

இங்கிருந்து சில நிமிடங்களில் த்ரெமெட்ஸோ. வில்லா கார்லோத்தாவின் படிக்கட்டுகளும் வாசலும் தண்ணீரை நோக்கியே நிற்கின்றன. ஆனால் இன்று கார்ச் சாலை வாசலுக்கும் ஏரிக்கும் நடுவே ஓடுகிறது. ஏப்ரல் கடைசியிலும் மே மாதத் தொடக்கத்திலும் அதன் அசேலியாப் புதர்கள் பூத்துச் சரிவு முழுவதும் நிறம் மாறும். இந்த அட்சரேகையில் ஒலிவ மரமும் பனை வகைகளும் வளர்வது பலருக்கு வியப்பாக இருக்கும். ஆழமான நீர் கோடை வெப்பத்தைத் தேக்கி வைத்துக் குளிர்காலத்தில் மெல்ல விடுவதால் கரையில் கடும் பனி தங்குவதில்லை.

குறுக்கே கடந்தால் பெல்லாஜியோ. ஊருக்குத் தெற்கே கரையில் தெரியும் வில்லா மெல்ஸி, நெப்போலியன் கால இத்தாலியக் குடியரசின் துணைத்தலைவராக இருந்த பிரான்செஸ்கோ மெல்ஸி கட்டியது. மேலே குன்றில் இருக்கும் வில்லா செர்பெல்லோனி 1959 முதல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையிடம் இருக்கிறது. ஊருக்குள் படிக்கட்டுச் சந்துகள்தான் தெருக்கள். மதியத்தில் நெரிசல் அதிகம். கிழக்குக் கரையின் வரென்னா அமைதியானது. அங்கே வில்லா மொனாஸ்தெரோவில் 1953 முதல் இயற்பியல் கோடைப் பள்ளி நடக்கிறது. என்ரிகோ ஃபெர்மி தம் கடைசி ஆண்டான 1954-இல் அங்கே விரிவுரையாற்றினார். பள்ளி அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

பயண நேரத்தைத் தீர்மானிப்பதில் காற்றுக்கும் பங்கு உண்டு. விடியற்காலையில் வடக்கிலிருந்து தீவானோ என்ற காற்று இறங்குகிறது. வெயிலேறி மலைச்சரிவுகள் சூடானதும் அது ஓய்ந்து, நண்பகல் வாக்கில் தெற்கிலிருந்து ப்ரேவா எழும்பி மாலைவரை வீசும். இடையில் முற்பகல் வேளையில் ஏரி தட்டையாகக் கிடக்கும். சிறு குழந்தைகளோடு வருபவர்களும் அலையில் குமட்டல் வருபவர்களும் அந்த வேளையைப் பிடிப்பது நல்லது. பிற்பகலில் தண்ணீர் சற்றுத் துள்ளினாலும் பாய்மரக்காரர்களுக்கு அதுவே கொண்டாட்டம். கோடையில் இடிமழை சட்டென்று மலைக்குப் பின்னாலிருந்து வரும். படகோட்டி திரும்பலாம் என்றால் திரும்பிவிட வேண்டும். எந்த நாளானாலும் தண்ணீர்க்காற்று குளிரும், ஒரு மேலாடை தேவை.

நீர்மட்டமும் ஆண்டு முழுவதும் ஒன்றாக இராது. லெக்கோவுக்குக் கீழே ஒல்ஜினாத்தேவில் 1946 முதல் இயங்கும் அணையே ஏரியின் மட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. வறண்ட காலத்தில் மாளிகைப் படிகள் கூடுதலாக வெளியே தெரியும். சில சிறு துறைகளில் படகு ஒட்டுவது கடினமாகும். பெருமழையில் கோமோவின் கவூர் சதுக்கத்துக்குள்ளேயே ஏரி வந்ததுண்டு.

அரை நாள் பயணத்தில் உணவுக்கு ஓரிடத்தில் நிறுத்தும்படி கேட்கலாம். கரையோர உணவகங்களில் பெர்ச் மீன் துண்டுகளை வறுத்து அரிசிச் சோற்றின் மேல் வைத்துத் தருவார்கள். மீன் சுவை பழகியவர்கள் மிஸ்ஸொல்தீனி கேட்க வேண்டும். அகோனே என்ற ஏரி மீனை உப்பிட்டு, கம்பியில் கோத்து வெயிலில் உலர்த்தி, பிரிஞ்சி இலை வகையைச் சேர்ந்த இலைகளோடு தகரக் கலத்தில் அடுக்கி, அழுத்தி எண்ணெய் கக்கவைத்துச் செய்யும் கருவாடு அது. சுட்டு, வினிகர் தெளித்து, மக்காச்சோளக் களியோடு பரிமாறுகிறார்கள்.

பருவம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் வாடகையும் உச்சத்தில் இருக்கும். மே, செப்டம்பர் மாதங்களே உகந்தவை. வாடகை பேசும்போதே எரிபொருளும் வரியும் கட்டணத்தில் அடங்குமா, மாளிகை நுழைவுச்சீட்டு தனியா, மழை வந்தால் பணம் திரும்புமா, குழந்தைகள் அளவுக்கு உயிர்காப்பு அங்கி உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மாளிகை வாசலில் காத்திருக்கும் நேரமும் வாடகைக் கணக்கில் சேரும் என்பதையும் மறக்கக் கூடாது.

தனிப்படகு கட்டுப்படியாகாதவர்கள் ஏரியைத் தரையிலிருந்து மட்டும் பார்த்துத் திரும்ப வேண்டியதில்லை. வரென்னா, பெல்லாஜியோ, மெனாஜியோ, கதெனாப்பியா ஆகிய நான்கு ஊர்களுக்கிடையே கார்களையும் ஏற்றிக்கொள்ளும் பயணப் படகுகள் நாள் முழுவதும் போய்வருகின்றன. ஒரு கடப்புக்கு ஏறத்தாழ கால் மணி நேரம். கோமோவிலிருந்து பெல்லாஜியோவுக்கு மெதுவான பயணப் படகில் சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். அது இரு கரைகளிலும் மாறி மாறி நிற்பதால் மேலே சொன்ன மாளிகைகளில் பெரும்பாலானவற்றின் முகப்பை அந்தச் சீட்டுக் காசிலேயே பார்த்துவிடலாம். வேகமான ஹைட்ரோஃபாயில் படகு நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அதில் மூடிய கண்ணாடிக்குள் உட்கார வேண்டும் என்பதால், பார்ப்பதற்காகவே வந்தவர்கள் மெதுவான படகின் திறந்த மேல்தளத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.