சில்லுப்பெயர்வும் சீர்ப்பூச்சும்

மகிழுந்தின் மேற்பூச்சு என்பது எஃகுத் தகட்டையும், அதனை அரித்தழிக்கும் ஈரத்தையும் உயிர்வளியையும் ஒன்றோடொன்று கூடவிடாமல் பிரித்து நிறுத்தும் மெல்லிய அரணாகும். அவ்வரணில் கல் முதலிய கடும்பொருள் மோதி ஒரு துணுக்குப் பெயர்ந்து விழுவது சில்லுப்பெயர்வு. கூரிய பொருள் உராய்ந்து நீளவாக்கில் பள்ளம் பறிப்பது கீறல். ஊர்தி முழுமைக்கும் பூச்சடிக்காமல், பழுதுற்ற அவ்விடத்தை மட்டும் நிரப்பிச் செப்பனிடுவது சீர்ப்பூச்சு. இச்சீர்ப்பூச்சைப் பலரும் ஒப்பனையாகவே எண்ணி, நிறம் ஒத்துவிட்டால் வேலை முடிந்ததென்று அமைகின்றனர். பூச்சின் கட்டமைப்பை அறிந்தவர்க்கு அது காவற்பணி. எம்முறையில் அடுக்கப்பட்டதோ அம்முறையிலேயே அரணை மீண்டும் எழுப்பும் பணி.

அவ்வரண் ஒரே அடுக்கால் ஆனதன்று. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்புள்ள எஃகுத் தகட்டின்மேல், இக்காலத்து ஊர்திகள் பலவற்றில் முதற்கண் துத்தநாகம் பூசப்படுகிறது. அதன்மேல் வேதிவினையால் பாசுபேட்டுப் படிவம் விளைவிக்கப்படுகிறது. அதனையடுத்து மின்படிவுப்பூச்சும், இடைப்பூச்சும், நிறப்பூச்சும், அனைத்திற்கும் மேலே நிறமற்ற தெளிபூச்சும் அமைகின்றன. பாசுபேட்டு, பூச்சு பற்றிக்கொள்ளச் சொரசொரப்பைத் தருகிறது. மின்படிவுப்பூச்சு துருவைத் தடுக்கிறது. இடைப்பூச்சு மேடுபள்ளங்களை நிரவிக் கல்லடியின் அதிர்ச்சியை ஏற்கிறது. நிறப்பூச்சு கண்ணுக்குரியது, தெளிபூச்சு வெயிலையும் உராய்வையும் தாங்கிப் பளபளப்பை அளிக்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்த ஒரு கூற்றினை நுண்மீட்டர் எனக் கொண்டால், மின்படிவுப்பூச்சு ஏறத்தாழ 20, இடைப்பூச்சு 30, நிறப்பூச்சு 15, தெளிபூச்சு 40 நுண்மீட்டர் தடிப்புடையவை. அனைத்தையும் கூட்டினும் தலைமயிர் இரண்டினை அடுக்கிவைத்த தடிப்பளவே தேறும்.

இவற்றுள் மின்படிவுப்பூச்சின் இயக்கம் தனித்து நோக்கத் தக்கது. அமெரிக்காவின் போர்டு நிறுவனத்தில் சியார்ச்சு புரூவர் என்னும் வேதியியலாரின் முயற்சியால் 1960களில் ஆலை நடைமுறைக்கு வந்த இம்முறையில், ஊர்தியின் உடற்கூடு முழுவதையும் நீரில் விரவிய பிசின் தொட்டியுள் அமிழ்த்தி மின்னோட்டத்தைச் செலுத்துகின்றனர். மின்னேற்றம் பெற்ற பிசின் துகள்கள் மாழைப் (உலோகப்) பரப்பை நாடிச் சென்று படிகின்றன. படிந்த இடம் மின்னைக் கடத்தாது. ஆதலின், ஓரிடம் மூடப்பட்டவுடன் மின்னோட்டம் அவ்விடத்தை விடுத்து இன்னும் மூடப்படாத இடத்தைத் தேடிச் செல்கிறது. கதவின் உட்குழிவும், மடிப்பின் இடுக்கும், எந்தத் தூரிகையும் எட்டாத மூலையும், தாம் வெறுமையாய் இருப்பதனாலேயே பூச்சைத் தம்பால் ஈர்த்துக்கொள்கின்றன. பின்னர் 160 முதல் 180 பாகை வரையிலான வெப்பத்தில் சுடப்படும்போது பிசின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து வலைபோல் இறுகிவிடுகின்றன.

இத்துணை ஒழுங்குடன் எழுந்த அரணை ஒரு சரளைக்கல் நொடிப்பொழுதில் உடைக்கிறது. இயங்கும் பொருளின் ஆற்றல் விரைவின் இருமடிப் பெருக்கத்திற்கு ஏற்ப வளர்வது. எனவே மணிக்கு 40 கிலோமீட்டர் விரைவில் மோதும் கல்லைவிட, 80 கிலோமீட்டரில் மோதும் அதே கல் நான்கு மடங்கு ஆற்றலைப் பூச்சின்மீது இறக்குகிறது. முன்செல்லும் சரக்குந்தின் சக்கரம் தெறிக்கவிடும் கற்களை முதலில் ஏற்பவை முகப்பு மூடியின் முன்விளிம்பும், சக்கர வளைவுகளும், கதவின் அடிப்பகுதியுமே. சல்லி ஏற்றிய சரக்குந்துக்குப் பின்னால் நெருங்கிச் செல்லாதிருத்தலே இதற்குரிய தலையாய காப்பு. எந்தப் பூச்சும் அதற்கு நிகராகாது.

பழுதின் வகையை ஆழமே வகுக்கிறது. தெளிபூச்சளவில் நின்ற கீறலின்மீது நகத்தை ஓட்டினால் நகம் தடைப்படாது. நீர்விட்டால் கீறல் மறைந்து, உலர்ந்ததும் தோன்றும். கீறலின் விளிம்புகள் ஒளியைச் சிதறச் செய்வதால் வெண்கோடு தெரிகிறது. நீர் அப்பள்ளத்தை நிரப்புகையில் சிதறல் குறைந்து கோடும் மறைகிறது. இதற்குப் பூச்சு வேண்டா, மெருகேற்றினாலே போதும். நிறம் பெயர்ந்து சாம்பல் நிற அடித்தளம் தெரிந்தால் பழுது நிறப்பூச்சைக் கடந்தது. மாழையே மின்னினால் அரண் அடிவரை திறந்துவிட்டது.

அவ்வாறு திறந்த இடத்தில் நிகழ்வதனைச் சற்று நின்று காணவேண்டும். எஃகின்மேல் தங்கிய ஒரு நீர்த்துளி சிறியதொரு மின்கலமாக இயங்குகிறது. கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூலிக் எவன்சு சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் உப்புநீர்த் துளிகளைக் கொண்டு இதனைத் தெளிவாகக் காட்டினார். காற்று எளிதிற் புகும் துளியின் ஓரத்தில் உயிர்வளி மிகுதி, நடுவில் குறைவு. குறைந்த இடத்து இரும்பு மின்னணுக்களை இழந்து கரைகிறது. மிகுந்த இடத்தில் உயிர்வளி அம்மின்னணுக்களைப் பெற்றுக் காரத்தன்மையை உண்டாக்குகிறது. அக்காரம் பெயர்வின் விளிம்பையொட்டிப் பூச்சின் அடியில் விளையும்போது, பூச்சுக்கும் மாழைக்கும் இடையிலுள்ள பற்று அறுகிறது. அறுந்த இடுக்கில் நீர் மேலும் புகுகிறது. புகுந்த நீர் புதிய கலமாகிறது. கரைந்த இரும்பைக் காட்டிலும் அதனால் விளைந்த துரு மிகுந்த இடத்தை அடைப்பதால், நலமாயிருந்த பூச்சையும் அது கீழிருந்து கொப்புளமாகத் தூக்குகிறது. நீரில் உப்புக் கரைந்திருப்பின் மின்கடத்தல் பெருகி இவ்வினை விரைவுறும். சென்னை முதல் தெற்கே நீளும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாள்தோறும் ஓடும் ஊர்தியின் சில்லுப்பெயர்வு, உள்நிலத்து ஊர்தியினதைவிட விரைந்து கருதற்குரியதாவது இதனாலேயே.

துத்தநாகம் பூசிய தகடு இங்கே சிறிது தவணை தருகிறது. துத்தநாகம் இரும்பினும் எளிதாக மின்னணுவை இழக்கும் இயல்பினது. ஆதலின், கீறிய இடத்திலும் தான் முன்னின்று கரைந்து இரும்பைக் காக்கிறது. எனினும் அது தீர்ந்துபோகும் காப்பு. நெகிழியாலான முன்காப்புத் தண்டில் சில்லுப் பெயர்ந்தாலோ துருவென்னும் அச்சமே இல்லை. அங்கு ஓய்வுள்ளபோது நிறம் தீட்டிக்கொள்ளலாம்.

இனிச் சீர்ப்பூச்சின் முறை. முதலில் கழுவி, நன்கு உலர்த்தி, மெழுகும் எண்ணெய்ப்பசையும் நீங்க ஐசோபுரோப்பைல் ஆல்ககால் தோய்ந்த துணியால் துடைக்கவேண்டும். பசையின்மேல் எப்பூச்சும் பற்றாது. தளர்ந்து நிற்கும் விளிம்பைக் குச்சிமுனையால் நீக்கி, துரு இருப்பின் நுண்ணிய உப்புத்தாளால் மாழை பளிச்சிடும் வரை தேய்க்கவேண்டும். துருவின்மேலேயே நிறத்தைத் தீட்டுவது, பகைவனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவதாகும். பின்னர் மாழையைப் பற்றி நிற்கும் பற்றுப்பூச்சு, அதன்பின் நிறம், அதன்பின் தெளிபூச்சு என அடுக்கின் முறை பிறழாது மெல்லிய பல படலங்களாக இடவேண்டும். பள்ளத்தை ஒரே துளியால் நிரப்ப முயல்வோர் மிகப் பலர். சீர்ப்பூச்சுக் குப்பியிலுள்ள நீர்மத்தில் பெரும்பகுதி கரைப்பான். அது ஆவியாகி நீங்கியபின் எஞ்சுவது சிறுபகுதியே. தடித்த துளியில் மேற்புறம் முதலில் உலர்ந்து தோலாகிவிட, உள்ளே அகப்பட்ட கரைப்பான் பின்னர் வெளியேறுகையில் சுருக்கமும் குழியும் விளைகின்றன.

சீர்ப்பூச்சுக் குப்பியிலுள்ள நீர்மம் பெரும்பாலும் கரைப்பானை இழந்து உலர்வது. ஆலைப்பூச்சோ சூட்டில் பிணைந்து இறுகியது. அமெரிக்காவின் செனரல் மோட்டார்சு நிறுவனம் 1924இல் ஓக்லாந்து மகிழுந்துகளுக்குப் பூசிய நைட்ரோசெல்லுலோசுப் பூச்சும் உலரும் வகையினதே. வார்னீசு உலர வாரக்கணக்கில் காத்திருந்த ஆலைகளுக்கு அது பெரும் விடுதலையாயிற்று. உலர்வதற்கும் பிணைந்திறுகுவதற்கும் உள்ள இவ்வேறுபாடு பழகுவோர்க்கு ஒரு நன்மையைத் தருகிறது: இட்ட நிறம் பிழைபட்டால், ஈரம் காயுமுன் தின்னர் என்னும் கரைப்பானைச் சிறிது தோய்த்துத் துடைத்துவிடலாம்; பிணைந்திறுகிய ஆலைப்பூச்சு மெல்லெனத் துடைப்பதற்கு எளிதில் கரையாது. மழைநாளில் இவ்வேலையைத் தவிர்த்தல் நன்று. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கும். காற்றில் மிகுந்த ஈரம் அக்குளிர்ந்த பரப்பில் நுண்துளிகளாகப் படிந்து பூச்சை வெளிறச் செய்யும். கடும்வெயிலில் சுடும் தகடும் ஏற்றதன்று.

நிறப் பொருத்தமே யாவரும் கவலும் பகுதி. ஊர்தியின் கதவுச் சட்டத்திலோ முகப்பு மூடியின் அடியிலோ ஒட்டிய சிறு தகட்டில் நிறக்குறியீடு இருக்கும். குப்பியை அக்குறியீட்டைக் கொண்டே வாங்கவேண்டும். வெறும் நிறமி கலந்த வெள்ளை, சிவப்பு முதலியன பெரும்பாலும் நன்கு பொருந்தும். மாழைமினுக்கு நிறங்களே இடர் தருவன. அவற்றில் அலுமினியச் செதில்கள் கலந்துள்ளன. ஆலையில் தூவிப் பூசும்போது அவை பரப்புக்கு இணையாகப் படுத்து, நேரே நோக்குங்கால் ஒளிர்ந்தும் சாய்ந்து நோக்குங்கால் இருண்டும் தோன்றுகின்றன. தூரிகையால் இடும் துளியிலோ செதில்கள் பல திசைகளில் நிற்கின்றன. ஆகவே குறியீடும் கலவையும் ஒன்றாயினும் ஒரு கோணத்தில் ஒத்து மற்றொரு கோணத்தில் வேறுபடும். இது கைத்திறத்தின் குறையன்று. செதில்களின் கிடக்கை தரும் விளைவு. அத்தகைய ஊர்தியில் சிறு புள்ளியளவு பெயர்வைச் சீர்ப்பூச்சால் மூடலாம். உள்ளங்கையளவு பழுதாயின், பூச்சுக்கூடத்தில் பழுதுற்ற தகடு முழுவதற்கும் தூவிப் பூசுவதே தக்கது.

இட்ட பூச்சு அண்டைப் பரப்பினும் சற்றே உயர்ந்து நிற்பது நன்று. சில நாள் கழித்து, 2000ஆம் எண் உப்புத்தாளை நீரில் நனைத்து, சிறு கட்டையில் சுற்றி, அம்மேட்டை மட்டும் சமன்செய்து மெருகேற்றலாம். கை பிழைத்து அண்டைத் தெளிபூச்சைத் தேய்த்துவிட்டால் அந்த 40 நுண்மீட்டர் திரும்ப வாராது. தேய்க்கும் துணிவில்லாதவர் மேட்டை அப்படியே விட்டுவிடுவதில் இழுக்கில்லை. மெழுகை மட்டும், எஞ்சிய கரைப்பான் வெளியேறத் தடையாகாதபடி, சில வாரம் பொறுத்து இடுக.