நூல்நிலையமும் நாவலாசிரியனும்

பாட்டொன்றை வழிநடையிலும் கட்டிவிடலாம். சிறுகதையை ஓரிரவிலே எழுதி முடித்தாரும் உளர். நாவல் அத்தகையதன்று, அது ஆண்டுக்கணக்கான உழைப்பை வேண்டி நிற்பது. ஓர் ஊரின் மூன்று தலைமுறையை எழுதப் புகுந்தவன், அத்தலைமுறையினர் உண்டதும் உடுத்ததும் வழக்காடியதும் கடன்பட்டதும் அறிந்திருத்தல் வேண்டும். தனக்கு முன் நாவல் எழுதினோர் எவ்வாறு எழுதினர் என்பதையும் கற்றிருத்தல் வேண்டும். இதற்கு இன்றியமையாதன மூன்று: நூல்கள், இருந்தெழுத ஓரிடம், இடையூறற்ற நேரம். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு இம்மூன்றும் வீட்டிலேயே கிடைக்கும். ஏனையோர்க்கு இவற்றை ஒருங்கே தரவல்லது பொது நூல்நிலையம் ஒன்றே. ஆகவே, நூல்நிலையத்துக்கு ஊரார் ஒதுக்கும் பணம் எவ்வளவு என்னுங் கேள்வி, அவ்வூரிலே யார் யார் நாவலாசிரியராகலாம் என்னுங் கேள்வியேயாம்.

ஈழத்து நாவல் வரலாற்றின் தொடக்கத்திலேயே இத்தொடர்பைக் காணலாம். 1895 இல் ‘மோகனாங்கி’ என்னும் நாவலை எழுதிய திருகோணமலைச் சரவணமுத்துப்பிள்ளை, சென்னையிலே கீழைத்தேயச் சுவடி நூல்நிலையத்திற் பணியாற்றியவர். தமிழின் முதலாவது வரலாற்று நாவலென ஆராய்ச்சியாளர் கொள்ளும் நூல், பழஞ்சுவடிகளோடு பழகிய ஒருவரிடமிருந்து பிறந்தது. ஆனால், எழுத விழையும் எல்லாரும் நூல்நிலைய உத்தியோகத்தராதல் இயலாது. அவர்கள் பொதுவாயிலால் உள்ளே வருகின்றவர்கள். அவ்வாறு வந்தோர் இருவரை அமெரிக்க நாட்டிலிருந்து எடுத்துக் காட்டுகின்றேன்.

றே பிராட்பரி 1938 இல் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தார். கல்லூரிக்குச் செல்லப் பணமில்லை. தெருவிலே செய்தித்தாள் விற்றுக்கொண்டு, வாரத்தில் மூன்று நாள் லொஸ் ஏஞ்சலிஸ் பொது நூல்நிலையத்துக்குச் சென்று கற்றார். ஏறக்குறையப் பத்தாண்டு இவ்வாறு கழிந்தது. பின்னர் மணமாகி, வீட்டிலே குழந்தைகளின் ஆரவாரம் மிகுந்த காலத்தில், தனியறைக்கு வாடகை கொடுக்க வகையின்றிப் பல்கலைக்கழக நூல்நிலையம் ஒன்றின் நிலவறையிற் போய் எழுதினார். அங்கே பத்துச் சதம் போட்டால் அரைமணி நேரம் இயங்கும் தட்டச்சுப் பொறிகள் இருந்தன. பத்து டொலருக்குச் சற்றுக் குறைந்த செலவிலே அவர் எழுதி முடித்த கதைதான், 1953 இல் விரிந்த வடிவில் ‘பாரன்ஹீட் 451’ என வெளிவந்தது. நூல்களை எரிப்பதையே அரசாங்க உத்தியோகமாகக் கொண்ட ஒருவனின் கதை அது.

மற்றையவர் றிச்சாட் றைற். அவர் கறுப்பினத்தவர். 1920களிலே, மெம்பிஸ் நகரத்தின் பெரிய நூல்நிலையத்திற் கறுப்பினத்தவர் நூல் இரவல் பெற முடியாது. வேலைத்தலத்திலே தம்மோடு பழகிய வெள்ளையர் ஒருவரின் நூலட்டையை அவர் இரந்து பெற்றார். அவ்வெள்ளையர் எழுதியதுபோல ஒரு துண்டுக்கடிதத்தைத் தாமே எழுதினார். எசமானுக்கு நூல் எடுக்க வந்த ஏவலாள் போல நின்று நூல்களைப் பெற்றுச் சென்றார். அந்த இளைஞர்தாம் 1940 இல் வெளியான நாவலொன்றினால் உலகப் புகழ் பெற்றார். வாயிற் பலகையிலே ‘பொது’ என்று எழுதிவிட்டாற் போதாது. எல்லார்க்கும் கதவு திறந்திருந்தாலன்றோ அஃது பொதுவாகும்? சாதியின் பெயராற் பல வாயில்களை அடைத்து வைத்திருந்த நம் சமூகத்துக்கும் இப்பாடம் புறம்பானதன்று.

இனி நம்மூர் நிலையைப் பார்ப்போம். என்னிடம் நன்னூல் கற்ற மாணவன் ஒருவன் இன்று பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றிலே கணக்கெழுதுகின்றான். யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குச் சென்ற காலத்தை வைத்து ஒரு நாவல் எழுதி வருகின்றான். விடியற்காலையில் எழுந்து தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவான். எட்டரைக்குச் சங்கத்துக்குப் போனால் நாலரைக்கு விடுதலை. சைக்கிளில் நூல்நிலையத்தை அடைய ஐந்து மணியாகும். முன்னர் அந்நூல்நிலையம் இரவு எட்டு மணிவரை திறந்திருந்தது. மின்சாரச் செலவையும் ஆட்குறைவையுங் காரணங் காட்டி இப்பொழுது ஆறு மணிக்கு மூடிவிடுகின்றனர். வீட்டிலோ இரண்டு அறையில் ஐவர் வாழ்கின்றனர், மருமகள் பரீட்சைக்குப் படிக்கின்றாள், தொலைக்காட்சி ஓய்வதில்லை. “ஐயா, எழுதுவது கடினமன்று, ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்தைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்” என்று அவன் என்னிடங் கூறினான்.

கணக்கிட்டுப் பார்த்தேன். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணித்தியாலம் எனக் கொண்டால், ஆண்டுக்கு ஏறக்குறைய 250 மணித்தியாலம். எட்டு மணிவரை திறந்திருந்தால் 750. இரண்டாண்டிலே முடியக்கூடிய நாவலுக்கு இப்பொழுது ஆறாண்டு வேண்டும். அதற்குள் மணம், கடன், பிள்ளை குட்டி என்று வாழ்க்கை அவனை இழுத்துச் சென்றுவிடும். எழுதப்படாத நாவலைப் பற்றி எந்த விமரிசகரும் எழுதப் போவதில்லை.

நேரத்தோடு குறை முடிந்துவிடவில்லை. அவனுக்கு வேண்டிய பழைய பத்திரிகைத் தொகுதிகள் சில, கட்டுவிக்கப் பணமின்றிப் பூச்சியரித்துக் கிடக்கின்றன. நூல் வாங்க ஒதுக்கிய சிறு தொகையைப் பரீட்சை வினாவிடைப் புத்தகங்களும் நாளேடுகளும் விழுங்கிவிடுகின்றன. புதிய நாவல்களுக்கு மிஞ்சுவது சொற்பமே. நூலகரைக் குறைகூற நான் உடன்படேன். கிழிந்த நூல்களை ஒட்டுவதற்குத் தம் கைக்காசிலே பசை வாங்கும் அம்மையார் அவர்.

குறை எங்கேயுள்ளது? கட்டடம் எழுப்புவது கொடை. நூல்நிலையம் நடத்துவது கடமை. முன்னையதற்கு விழாவுண்டு, பெயர்க்கல் உண்டு. பின்னையதற்கு ஆண்டுதோறும் பணம் வேண்டும், பெயர்க்கல் இல்லை. பிறநாட்டார் இவ்வேறுபாட்டைப் பட்டே அறிந்தனர். இங்கிலாந்தில் 1850 இலே நிறைவேறிய பொது நூல்நிலையச் சட்டம், பவுணுக்கு அரைப்பென்னி வரி அறவிட நகரங்களுக்கு இடமளித்தது. அவ்வரிப்பணத்திலே கட்டடம் அமைக்கலாம், ஆள் வைக்கலாம். நூல் மட்டும் வாங்கலாகாது! நூல்களை நன்கொடையாளர் தருவர் என எண்ணினர் போலும். ஐந்தாண்டு கழித்து, 1855 இல், வரியை ஒரு பென்னியாக உயர்த்தி, நூல் வாங்கவும் இடமளித்துச் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று.

அன்றூ கார்னெகி என்னும் பெருஞ்செல்வர் இளமையிலே தந்திக் காரியாலயத்தில் ஏவற்பையனாக இருந்தவர். தொழில் செய்யுஞ் சிறுவர்க்குச் சனிக்கிழமைதோறும் தம் சொந்த நூல்களை இரவல் கொடுத்த ஒரு கனவானாற் கல்வி பெற்றவர். அந்நன்றியை மறவாது உலகெங்கும் 2,509 நூல்நிலையங்கள் எழப் பணம் வழங்கினார். ஆயினும் வெறுங்கையாய் வந்து கேட்டோர்க்கு அவர் கொடுக்கவில்லை. நகரத்தார் நிலந் தருதல் வேண்டும். தாம் கொடுக்குந் தொகையிற் பத்திலொரு பங்கை ஆண்டுதோறும் நூல்நிலைய நடைமுறைக்கு ஒதுக்குவதாக உறுதி கூறல் வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. பத்தாயிரம் டொலர் பெற்ற ஊர் ஆண்டுக்கு ஆயிரம் டொலர் செலவிட்டாக வேண்டும். ஒரு முறை கொடுக்கும் பணம் நூல்நிலையத்தை வாழவைக்காது என்பதைக் கொடையாளரே உணர்ந்திருந்தார்.

தமிழ்நாட்டிலே இதற்கு வேறொரு வழி கண்டனர். ‘நூலகம் வளருகின்ற ஓர் உயிர்’ என்னுங் கருத்தைத் தம் ஐந்து விதிகளுள் ஒன்றாக 1931 இல் வெளியிட்ட எஸ். ஆர். இரங்கநாதனின் அயராத முயற்சியால், 1948 இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் அறவிடப்பட்டு, அது நூலகங்களுக்கே உரியதாயிற்று. உயிருள்ளதற்கு நாள்தோறும் உணவு வேண்டும் என்பதை அறிந்தவர் அமைத்த ஏற்பாடு அது.

அதே இரங்கநாதன் யாழ்ப்பாணப் பொது நூல்நிலையத்துக்கும் ஆலோசனை கூறியவர். 1933 இல் கே. எம். செல்லப்பா அவர்கள் தம் வீட்டிலிருந்து நூல் இரவல் கொடுக்கத் தொடங்கிய முயற்சி, அடுத்த ஆண்டு 844 நூல்களோடு ஓர் அறையிலே நூல்நிலையமாயிற்று. பின்னர் நகரசபை அதனைப் பொறுப்பேற்றது; மக்களிடம் பணந் திரட்டப்பட்டது; 1959 இல் புதிய கட்டடந் திறக்கப்பட்டது. 1981 மே மாத முடிவிலே மூட்டப்பட்ட தீயில் ஏறக்குறைய 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய சுவடிகளும் அழிந்தன. மீண்டும் அஃது எழுந்து நிற்கின்றது. தீயினால் அழிந்த நூல்நிலையத்துக்கு உலகம் இரங்கிற்று. பணமின்மையால் ஆண்டுக்காண்டு மெலிந்து போகும் ஊர் நூல்நிலையங்களுக்கு இரங்குவார் யார்?

கைத்தொலைபேசியில் எல்லாம் உண்டே, நூல்நிலையம் எதற்கு என்பார் சிலர். 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூல்நிலையத்திலே ஈழத்து ஏடுகள் பலவற்றை வீட்டிலிருந்தே பார்க்க முடிகின்றமை பெரும் பேறே. அதனை நானும் பயன்படுத்துகின்றேன். எனினும், கைத்தொலைபேசி மேசையாகாது, அமைதியையுந் தராது. பூச்சியரித்த தொகுதியைப் படமெடுக்கவுஞ் செய்யாது. நாவல் எழுதுவோர் ஊருக்கு இருவரோ மூவரோ, அவர்க்காகச் சோலைவரி செலுத்துவோர் ஏன் பணங் கொடுக்க வேண்டும் என்பார் வேறு சிலர். அவ்விருவர்க்கென்று தனிச்செலவு எதுவுமில்லை. பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணும், செய்தித்தாள் பார்க்கும் முதியவரும், படக்கதை தேடும் பாலகனும் இருக்கும் அதே மண்டபத்தில், அதே விளக்கின்கீழ், ஒரு மூலையிலே அவர்களும் இருப்பர். அவ்வளவே.

நன்கொடையும் நற்பெயரும் மட்டும் காக்கமாட்டா என்பதற்குப் பிராட்பரியின் முதுமையே சான்று. 2009 இல், தம் 88 ஆவது வயதில், கலிபோர்னியாவின் வெஞ்சூரா நகரத்திலே பணமின்றித் தளர்ந்த நூல்நிலையமொன்றுக்காக அவர் மேடையேறிப் பணந் திரட்டினார். உலகறிந்த எழுத்தாளர் முயன்றும் அந்நூல்நிலையம் அவ்வாண்டிலேயே மூடப்பட்டது.

ஆகவே, ஆசிரியர்களுக்கும் இலக்கிய வட்டத்தார்க்கும் நான் கூற விரும்புவது ஒன்றுண்டு. நம் பொது நூல்நிலையங்களை நடத்துவன மாநகரசபை, நகரசபை, பிரதேசசபை ஆகியன. 2025 மே மாதத் தேர்தலின் பின், மக்கள் தெரிந்தெடுத்த உறுப்பினர் மீண்டும் அச்சபைகளில் அமர்ந்துள்ளனர். ஆண்டின் இறுதியில் அடுத்த ஆண்டுக்கான பாதீடு சபைக்கு வரும். அதற்கு முன்னரே நம் வட்டாரத்து உறுப்பினரைச் சந்தித்து நான்கு கேள்வி கேட்போம். நூல் வாங்க எவ்வளவு? பழைய தொகுதிகளைக் கட்டுவிக்க எவ்வளவு? ஈழத்து எழுத்தாளரின் புதிய நூல்களுக்கு எவ்வளவு? நூல்நிலையம் இரவு எத்தனை மணிவரை திறந்திருக்கும்? விடையை எழுத்திலே பெறுவோம். அடுத்த ஆண்டும் சென்று அவற்றையே கேட்போம்.

நூல் வெளியீட்டு விழாக்களிலே மாலை சூட்டவும் பொன்னாடை போர்த்தவும் நாம் சளைப்பதில்லை. அச்சேறிய நூலுக்குச் செய்யுஞ் சிறப்பு அது. அச்சேறாத நூல் ஒன்று எங்கோ ஒரு கொப்பியிலே பாதியில் நிற்கின்றது. அதற்கு வேண்டியது பொன்னாடையன்று. எட்டு மணிவரை எரியும் ஒரு விளக்கு.