தேர் போகும் வழியில் பினாங்கு
கொண்டுவிற்ற ஊர்கள் – 9

பினாங்குக்கு வருகிறவர்கள் ஜார்ஜ்டவுன் சுவரோவியங்களின் முன் நின்று படம் எடுப்பார்கள், நாசி கண்டார் சாப்பிடுவார்கள், சாயங்காலம் மலை ரயிலேறுவார்கள். செட்டிநாட்டுக்காரர்களுக்கு அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. தைப்பூசத்துக்கு முதல் நாள், செட்டிப்பூசத்தன்று வெள்ளி ரதம் போகிற வழி. பினாங்குத் தெருவில் உள்ள கோயில் வீட்டில் கிளம்பி, மலையடிவாரத்தில் வாட்டர்ஃபால் சாலை நகரத்தார் கோயிலுக்குப் போய்ச் சேரும். அந்த வழியைப் பிடித்தால் ஒரே நாளில் ஊரும் பார்க்கலாம், மலையும் ஏறலாம்.

நாங்கள் குடும்பத்தோடு போனது பூசம் இல்லாத சாதாரண நாளில். பினாங்குத் தெரு இப்போது 'லிட்டில் இந்தியா'. புடவைக் கடை, பூக்கடை, பாட்டுச் சத்தம், நாணயம் மாற்றும் கடைகள். ஒரு காலத்தில் இங்கே கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. நீளமான கட்டடம், ஒரே கூரையின் கீழ் பல மார்க்காக்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பாய், சாய்வு மேசைப் பெட்டி, இரும்புப் பெட்டி. பகலில் லேவாதேவி, ராத்திரி அங்கேயே படுக்கை. மூன்று வருஷக் கணக்கு முடிந்தால்தான் ஊர் திரும்பலாம். பெண்டு பிள்ளைகள் காரைக்குடிப் பக்கத்தில் வளவுக்குள் இருந்தார்கள்.

"ஐயா இருந்த கிட்டங்கி எதுப்பா?" என்றாள் ஆத்தா.

"தெரு இதுதான் ஆத்தா. கட்டடம் தெரியலை."

"அந்த மலைக்கெல்லாம் ஐயா போயிருப்பாங்களா அப்பத்தா?" என்றாள் என் மகள்.

"லீவு ஏது ஆத்தா? பூசத்துக்குத்தான் அந்தப் பக்கம் போறதும்பாக."

வெள்ளி ரதம் காரைக்குடியில் செய்யப்பட்டு 1894இல் கப்பலேறி வந்தது. இன்றும் மாடுகள்தான் இழுக்கின்றன. வழி நெடுக ரோட்டில் குவித்த தேங்காய்களைத் தமிழர்களோடு சீனர்களும் உடைக்கிறார்கள். கூட்டத்துக்குள் தேர் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேரப் பகல் முழுக்க ஆகிவிடும். காரில் அரை மணி நேரத்துக்குள் போய்விட்டோம்.

1857இல் எழுந்த அந்தத் தண்டாயுதபாணி கோயிலுக்குள் நுழைந்ததும் ஆத்தா சுற்றும் முற்றும் பார்த்தாள். மரத் தூண்கள், அகன்ற கூடம். "நம்ம பட்டாலை மாதிரில்ல இருக்கு!" என்றாள். அருகிலேயே குன்றின் மேல் பாலதண்டாயுதபாணி கோயில், 513 படிகள். ஆத்தா கீழிருந்தே கும்பிட்டுக்கொண்டாள்.

அங்கிருந்து இரண்டாகப் பிரிந்தோம். ஆத்தாவும் என் மனைவியும் ஆயர் ஈத்தாம் போய் மலை ரயிலேறினார்கள். 1923இல் ஓடத் தொடங்கிய அந்த ரயிலில் முன்பெல்லாம் பாதி வழியில் வண்டி மாறவேண்டும். 2011 முதல் ஒரே வண்டி, சில நிமிடங்களில் மேலே. நானும் மகளும் தாவரவியல் பூங்கா வாசலில் தொடங்கும் ஜீப் பாதையில் நடந்தோம். ஏறத்தாழ 5 கிலோமீட்டர். தார் போட்ட பாதைதான் என்றாலும் செங்குத்து, முழங்கால் பேசத் தொடங்கிவிடும். வழியில் ஒரு கிளையில் கருங்குரங்குக் கூட்டம். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், மூக்குக்கண்ணாடி போட்ட கணக்கப்பிள்ளை மாதிரி எங்களை மேலும் கீழும் பார்த்தது ஒன்று.

மேலே முருகன் கோயிலும் பள்ளிவாசலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. எங்களுக்கு வெகு நேரம் முன்பே வந்து, வியர்வை இல்லாமல் உட்கார்ந்திருந்தாள் ஆத்தா. கீழே ஜார்ஜ்டவுன், கடல், அக்கரையில் பட்டர்வொர்த் எல்லாம் தெரிந்தன.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் பர்மாத் தேக்கையும் இத்தாலிச் சலவைக்கல்லையும் விசாரிக்கிறார்கள். அந்தக் காசு பிறந்த விதத்தைப் பினாங்குத் தெருவில்தான் பார்க்கவேண்டும். தினமும் கண்ணில் பட்ட மலைக்கு வருஷத்தில் ஒரு நாள், அதுவும் அடிவாரம் வரை போனவர்களின் சம்பாத்தியம் அது. அவர்கள் கொண்டுவிக்க வந்தார்கள், நாம் சுற்றிப் பார்க்க வருகிறோம். ஆகவே அடுத்தமுறை போகிறவர்கள் வீட்டுப் பெரியவர்களைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். ரயில் இருக்கிறது, படி ஏறவேண்டியதில்லை. வழிகாட்டிகள் சொல்லாத கதை அவர்களிடம்தான் இருக்கிறது.

மலாக்காவிலும் செட்டிகள் இருக்கிறார்கள். ஆனால் வீட்டில் மலாய் பேசுகிறார்கள். அவர்கள் யார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)