அறுந்த கண்ணி

கடைத்தெருவுக்கு நாம் எடுத்துச் செல்லும் பருத்திப் பைக்கும் ஒரு வரலாறு உண்டு. பஞ்சு விளைந்த நிலம், நூல் நூற்ற ஆலை, ஆலைக்கு மின்சாரம் தந்த நிலையம், அந்நிலையத்திற்கு நிலக்கரி அளித்த சுரங்கம் என அது நீண்டு செல்கிறது. ஒரு பொருள் தோன்றியது முதல் குப்பையாகி மறையும் வரை அதனால் உலகிற்கு விளையும் சுமையை அளந்தறியும் முறைக்கு வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்று பெயர். 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கோகோ கோலா நிறுவனம் தன் பானக் கலங்களை ஒப்பிட்டறியச் செய்வித்த ஆய்வு, இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று.

இக்கணக்கில் ஒவ்வொரு தொழிலும் ஒரு கண்ணி. ஒன்று ஆக்கித் தருவதே மற்றொன்றுக்கு வேண்டுவதாகிறது. இவ்வாறு கோத்த சங்கிலியில் பிழை நேர்ந்தால் அதை எவ்வாறு கண்டுபிடிப்பது?

ஒருமுறை நானே பருத்திப் பையொன்றின் கணக்கைக் கணிப்பொறியில் அமைத்தேன். அது வெளிப்படுத்தும் கரியமில வாயு மிகச் சிறிதென விடை வந்தது. மகிழ்ந்து கட்டுரை எழுதவும் தொடங்கிவிட்டேன். பின்னர் ஓர் ஐயம் எழவே, மொத்தத்தைத் தொழில்வாரியாகப் பிரித்து நோக்கினேன். மின்நிலையத்தின் பங்கு சுழி! நூற்பாலைக்கு இவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதை எந்த நிலையம் தருகிறது என்று இணைக்க மறந்திருந்தேன். தேவை ஏட்டில் இருந்தது. புகை கணக்கில் இல்லை.

மற்றொரு வகைப் பிழை சுழல்களில் ஒளிந்திருக்கும். மின்சாரம் ஆக்க நிலக்கரி வேண்டும். நிலக்கரி தோண்ட மின்சாரம் வேண்டும். எளிமைக்காக, ஒரு யூனிட் மின்சாரத்திற்கு அரைக் கிலோ நிலக்கரியும், ஒரு கிலோ நிலக்கரிக்கு 0.1 யூனிட் மின்சாரமும் தேவை என்று கொள்வோம். நமக்கு ஒரு யூனிட் கிடைக்க, நிலையம் ஏறத்தாழ 1.05 யூனிட் ஆக்க வேண்டும். மிகுதி சுரங்கத்திற்குச் செல்லும். தொழில்களுக்கிடையே உள்ள இத்தகைய கொடுக்கல் வாங்கல்களைச் சமன்பாடுகளாக்கித் தீர்க்கும் முறையைப் பொருளாதாரத்தில் வகுத்தவர் வாசிலி லியோன்டிஃப். அதற்காக 1973இல் அவர் நோபெல் பரிசு பெற்றார்.

இனி, டன்னுக்கு 100 யூனிட் என்றிருப்பதைக் கிலோவுக்கு 100 யூனிட் என்று தவறிப் பதிந்ததாகக் கொள்வோம். ஒரு யூனிட் ஆக்குவதற்கு வேண்டிய நிலக்கரியே 50 யூனிட்டை விழுங்கிவிடும். ஈட்டுவதைவிடப் பன்மடங்கு செலவழிக்கும் குடும்பம் அது! நிலையம் ஆக்க வேண்டிய அளவு சுழிக்கும் கீழாக, −0.02 என்று வரும். அவ்விடையின் மடமையே பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் ஒரு யூனிட் என்பது 3.6 மெகாஜூல். சுரங்கத்தின் தேவையான 0.36 மெகாஜூலை 0.36 யூனிட் என்று பதிந்தால் விடை 1.22 ஆகும். அதைக் கண்டு யார் ஐயுறுவார்? அபத்தமான விடையைக் காட்டிலும், மெய்போல் தோன்றும் பொய்விடையே அஞ்சத்தக்கது.

ஆகவே மாணவர்களே, மூன்று வழிகளை மேற்கொள்ளுங்கள். முதலாவதாக, கொடுப்பார் இன்றித் தொங்கும் தேவை ஏதேனும் உண்டா என்று பாருங்கள். இரண்டாவதாக, இரு கண்ணிகள் சேருமிடத்தில் அளவைகள் ஒத்திருக்கின்றனவா என்று சோதியுங்கள். மூன்றாவதாக, சங்கிலியைத் துண்டித்து ஒரே கண்ணியைக் கையாலேயே கணக்கிட்டு, விடை ஒத்த பின்னர் அடுத்ததைச் சேருங்கள். முன்பு சரியாயிருந்த விடை எக்கண்ணியைச் சேர்த்தபோது பிறழ்ந்ததோ, அங்கேயே முதலில் தேடுங்கள்.

இப்பொருள் நன்று, அப்பொருள் தீது என்று ஊருக்கு உரைக்கப் புகுவோர் இத்தகைய எண்களையே சான்றாகக் கொள்கின்றனர். என் கட்டுரை அன்று வெளிவந்திருந்தால், மின்நிலையத்தின் புகையை மறைத்த பழி என்னையே சேர்ந்திருக்கும். நாம் விரும்பிய விடை கிடைக்கும்போதுதான் கணக்கை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும்.