பதிவும் திரையும்: உயர்தெளிவு ஒளிப்பதிவின் பயன் குறித்துச் சில குறிப்புகள்

நாட்டுக்கூத்து ஒன்றைப் பதிவுசெய்ய முனைந்த மாணவர் சிலர் அண்மையில் என்னிடம் ஒரு வினாவை எழுப்பினர். அண்ணாவியார் முதியவர். அவரிடமுள்ள வடமோடிக் கூத்து விடியும்வரை முழுமையாக ஆடப்படவிருந்தது. இன்னொருமுறை அவ்வாறு ஆடப்படுமா என்பது ஐயமே. மிக உயர்ந்த தெளிவுடைய கமராவை வாடகைக்கு எடுப்பதாயின் கையிலிருந்த பணம் முழுவதும் செலவாகும். பழைய நாடாக் கமரா ஒன்றை இலவசமாகத் தருவதற்கு ஒருவர் முன்வந்திருந்தார். கூத்தைப் பார்க்கப்போகும் கிராமத்தவரின் வீடுகளில் இருப்பனவோ தெளிவு குறைந்த சிறிய தொலைக்காட்சிப் பெட்டிகள். அப்பெட்டிகளில் தெரியாததைப் பதிவுசெய்வதனால் என்ன பயன் என்பதே அவர்கள் வினா.

இவ்வினாவில் இரு வேறு வினாக்கள் கலந்துள்ளன. இன்று அத்திரையில் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியுமா என்பது ஒன்று. பதிவு என்ற வகையில் அதன் பெறுமதி யாது என்பது மற்றொன்று. முதலாவது நுகர்வு பற்றியது. இரண்டாவது உற்பத்தி பற்றியது. இவற்றை ஒன்றெனக் கொள்வதிலிருந்தே குழப்பம் தொடங்குகின்றது.

முதலில் திரையை நோக்குவோம். இலங்கையில் 1979இல் தொலைக்காட்சி அறிமுகமான காலந்தொட்டு வழக்கிலிருந்த ஒளிபரப்பு முறை 625 வரிகளைக் கொண்டது. அவற்றுள் படமாகத் தெரிவன 576. டிஜிற்றல் பதிவில் இது 720×576 படப்புள்ளிகள், அதாவது ஏறத்தாழ நான்கு இலட்சத்துப் பதினையாயிரம் புள்ளிகள் ஆகும். உயர்தெளிவு எனப்படும் 1920×1080 முறை இதனைப்போல் ஐந்து மடங்கு புள்ளிகளைக் கொண்டது. 3840×2160 முறை அதனிலும் நான்கு மடங்காகும். மலிவான 32 அங்குலப் பெட்டிகள் பலவற்றின் திரையில் 1366×768 புள்ளிகளே உள்ளன.

கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. இயல்பான பார்வையுடையவர் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கான கோணத்தையே பிரித்தறிவர் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் அளவாகும். 32 அங்குலப் பெட்டியின் திரை ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் உயரமுடையது. மேற்படி அளவைக்கொண்டு கணக்கிட்டால், அத்திரையில் 576 வரிகளுக்கு மேற்பட்ட நுட்பத்தை உணர்வதற்கு ஏறத்தாழ 2.4 மீற்றரிலும் அண்மையில் இருத்தல் வேண்டும். 768 வரிகளுக்கு மேற்பட்டதை உணர 1.8 மீற்றரிலும், 1080 வரிகளுக்கு மேற்பட்டதை உணர 1.3 மீற்றரிலும் அண்மையில் இருத்தல் வேண்டும். விறாந்தையின் ஒரு மூலையில் பெட்டியும் மறு மூலையில் குடும்பமுமாக அமர்ந்து பார்க்கும் வீட்டில், கமராவின் கூடுதற் புள்ளிகளுட் பெரும்பாலானவை கண்ணை எட்டுவதில்லை. பெட்டியை மஞ்சள் முனையுடைய பழைய இணைப்புக் கம்பியால் இணைத்தால் நிலைமை மேலும் மோசமாகும். அக்கம்பி உயர்தெளிவுப் படத்தைக் கடத்தும் ஆற்றலற்றது.

எனினும், சிறிய திரையிலும் உயர்தெளிவுப் பதிவு முற்றிலும் பயனற்றதன்று. கண் ஒளிவேறுபாட்டை உணரும் அளவு நுட்பமாக நிறவேறுபாட்டை உணர்வதில்லை. இதனைப் பயன்படுத்தி, பெரும்பாலான கமராக்கள் நான்கு புள்ளிகளுக்கு ஒரு நிற அளவையே பதிகின்றன. 1280×720 பதிவில் நிறம் 640×360 அளவிலும், 1920×1080 பதிவில் 960×540 அளவிலும் அமைகின்றது. ஆகவே பெரிய பதிவைப் பெட்டியே நேரடியாகச் சுருக்கிக் காட்டும்போது நிற எல்லைகள் துலக்கமடைகின்றன. அன்றியும், 1920×1080 படம் 1366×768 திரைக்குச் சுருங்கும்போது ஏறத்தாழ இரு புள்ளிகள் ஒன்றாகின்றன. மங்கிய ஒளியிற் பதிந்த படத்தில் தோன்றும் மணல் போன்ற இரைச்சல் இதனால் ஓரளவு தணிகின்றது. பார்ப்பவரைப் பொறுத்தவரை பயன் உண்டு. ஆயின் அது சிறியது. விளம்பரங்கள் கூறுமளவு பெரியதன்று.

இனிப் பதிவை நோக்குவோம். எட்டு மீற்றர் அகலமான வட்டக்களரி முழுவதும் ஒரே சட்டத்துள் அடங்குமாறு கமரா நிறுத்தப்பட்டுள்ளது எனக் கொள்வோம். 720 புள்ளிப் பதிவில் ஒரு புள்ளி களரியின் 11 மில்லிமீற்றரைக் குறிக்கும். ஆட்டக்காரரின் விரல் ஒன்று ஏறத்தாழ ஒரு புள்ளியாகிவிடும். 1920 புள்ளிப் பதிவில் ஒரு புள்ளி 4 மில்லிமீற்றரையும், 3840 புள்ளிப் பதிவில் 2 மில்லிமீற்றரையும் குறிக்கும். காலடி வைப்பு, கைமுத்திரை, கரப்புடுப்பின் வேலைப்பாடு ஆகியவற்றை ஆராய விரும்பும் ஒருவருக்கு இவ்வேறுபாடு அழகியல் வேறுபாடன்று. சான்று உண்டு, சான்று இல்லை என்னும் வேறுபாடாகும். நாளை அண்ணாவியாரின் பேரப்பிள்ளை அந்த ஆட்டத்தைக் கற்க விரும்பினால், பெரிய பதிவின் ஒரு பகுதியை வெட்டியெடுத்துச் சிறிய திரையிலேயே பெரிதாக்கிப் பார்க்க முடியும். சிறிய பதிவைப் பெரிதாக்கினால் மங்கலே பெரிதாகும்.

தமிழ் மாணவருக்கு இது புதிய அனுபவமன்று. ஓலையில் எழுதியோர் புள்ளியிடுவதைப் பெரும்பாலும் தவிர்த்தனர். எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சி. வை. தாமோதரம்பிள்ளை முதலியோர் ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தபோது, ஓலை விட்டுச்சென்ற இடங்களைப் பொருளையும் யாப்பையும் துணைக்கொண்டே நிரப்பவேண்டியிருந்தது. அச்செழுத்து எத்துணைத் துலக்கமானதாயினும், ஓலையிற் பதியாததை அதனால் மீட்க இயலாது. பதிவின் நுட்பம் பதியும் கணத்திலேயே முடிவாகிவிடுகின்றது.

தொலைக்காட்சியின் வரலாறும் இதனையே காட்டுகின்றது. 1969 யூலையில் சந்திரனிலிருந்து வந்த நேரடிக் காட்சி 320 வரிகளையும் வினாடிக்கு 10 படங்களையும் கொண்ட தனிமுறையில் அமைந்தது. அதனை 525 வரி ஒளிபரப்புக்கு மாற்றுவதற்காக, நிலையத்துத் திரையில் தோன்றிய காட்சி மற்றொரு கமராவாற் படம்பிடிக்கப்பட்டது. உலகம் கண்டது அவ்வாறு மங்கிய பிரதியையே. மூலச் சமிக்ஞையைத் தாங்கிய நாடாக்கள் பிற்காலத்தில் அழிக்கப்பட்டு மீளப் பயன்படுத்தப்பட்டன என்னும் முடிவுக்கு நாசா 2009இல் வந்தது. எஞ்சிய ஒளிபரப்புப் பிரதிகளையே சீர்செய்ய வேண்டியதாயிற்று.

மறுபுறத்தில், 1987 முதல் 1994 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான ‘ஸ்ரார் ட்ரெக்: த நெக்ஸ்ற் ஜெனரேஷன்’ தொடர் 35 மில்லிமீற்றர் படச்சுருளிற் படமாக்கப்பட்டு, சாதாரண வீடியோ நாடாவிற் தொகுக்கப்பட்டது. அக்காலப் பெட்டிகளுக்கு அந்நாடாவே போதுமானதாயிருந்தது. ஆயினும் படச்சுருள் பேணப்பட்டமையால், 2012 தொடக்கம் அத்தொடரை உயர்தெளிவில் மீளத் தொகுத்து வெளியிட முடிந்தது. அன்றைய திரை அப்படச்சுருளின் பெறுமதியை நிர்ணயிக்கவில்லை.

ஆனால் புள்ளிகளின் எண்ணிக்கையே தெளிவு என்று கருதுவதும் தவறாகும். 2003இல் அறிவிக்கப்பட்ட எச்.டி.வி. முறை, அதற்கு முந்திய டி.வி. முறையின் அதே நாடாவில், வினாடிக்கு ஏறத்தாழ அதே 25 மெகாபிற் வீதத்தில், நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவான புள்ளிகளைப் பதிந்தது. அடுத்தடுத்த படங்களுக்கிடையிலான மாற்றங்களை மட்டும் குறித்துக்கொள்ளும் சுருக்கமுறையாலேயே இது சாத்தியமாயிற்று. அமைதியான காட்சிக்கு அது போதும். சுழன்றாடும் கூத்தர், அசையும் நிழல்கள், மங்கிய விளக்கு ஆகியன சேரும்போது படம் கட்டங்கட்டமாகச் சிதறக்கூடும். போதிய ஒளியும் நல்ல வில்லையும் அசையாத தாங்கியும் இல்லையெனில், கூடுதற் புள்ளிகள் மங்கலையே நுட்பமாகப் பதியும். மத்தள ஒலியும் பாடலும் தெளிவாகப் பதியாத கூத்துப் பதிவு அரைப் பதிவே.

இங்கு இரு கருத்துகள் நம்மை வழிதவறச் செய்கின்றன. ஒன்று சந்தையின் கருத்து: எண் பெரிதாயின் பொருள் சிறந்தது, ஆகவே கமராவையும் பெட்டியையும் தொடர்ந்து மாற்றுக என்பது. இது பரிவர்த்தனை மதிப்பைப் பயன்மதிப்பாகக் காட்டும் பழைய தந்திரம். மற்றையது எளிமையின் வேடத்தில் வருவது: வறியவரிடம் சிறிய திரையே உள்ளது, ஆகவே அவர்களுடைய கலைக்குக் குறைந்த பதிவே போதும் என்பது. இது முதலாவதிலும் ஆபத்தானது. ஒரு வர்க்கம் இன்று எதை வாங்கவல்லது என்பதைக் கொண்டு அதன் வரலாறு எவ்வளவு நுட்பமாகப் பேணப்படவேண்டும் என்று இது தீர்மானித்துவிடுகின்றது. வசதியுடையோரின் விழாக்கள் நுண்ணிய விவரங்களுடனும் உழைக்கும் மக்களின் ஆட்டங்கள் மங்கிய நிழல்களாகவும் எதிர்காலத்தை அடையுமாயின், அது தொழில்நுட்பத்தின் குற்றமன்று. இரு கருத்துகளும் பதிவைத் திரையால் அளக்கின்றன என்பதே அவற்றின் பொதுத்தவறு. திரை சில ஆண்டுகளில் மாறும். ஆடப்பட்ட அந்த இரவு திரும்பி வராது.

மாணவருக்கு நான் கூறிய விடை நடைமுறை சார்ந்தது. இலவச நாடாக் கமராவை ஏற்கவேண்டாம். மிக உயர்ந்த கமராவுக்காக முழுப்பணத்தையும் செலவிடவும் வேண்டாம். எட்டு மணிநேரக் கூத்தை 3840×2160 முறையில் வினாடிக்கு 100 மெகாபிற் வீதத்திற் பதிந்தால் 360 ஜிகாபைற் இடம் தேவை. 1920×1080 முறையில் 25 மெகாபிற் வீதத்திற் பதிந்தால் 90 போதும். அவ்வாறு பதிந்து, எஞ்சும் பணத்தில் விளக்கு, ஒலிவாங்கி, தாங்கி ஆகியவற்றைப் பெறுக. மூலப்பதிவை இரு தட்டுகளில் இரு வேறு இடங்களில் பேணுக. கிராமத்தவருக்கு அவர்களுடைய பெட்டிகளுக்கேற்ற சுருக்கப் பிரதிகளை வழங்குக. ஆயின் சுருக்கப் பிரதி உள்ளதென்பதற்காக மூலத்தை அழித்துவிடற்க. பேணும் இடங்களுள் ஒன்று அக்கிராமத்திலேயே இருத்தல் வேண்டும். மக்களின் கலையைப் பதிந்த மூலம் அம்மக்களின் கைக்கு எட்டாத பெட்டகத்துள் மட்டும் உறங்குமாயின், எத்துணை உயர்ந்த தெளிவும் அவர்களைப் பொறுத்தவரை இருளே.