ஆயிரம் ரூபாத் தண்டமும் மூன்று நாள் அலைச்சலும்

மாங்குளம் – முல்லைத்தீவு வீதியோரம் ஒரு தபாலகம். காலை பத்து மணி. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஐயாவுக்கு அறுபது வயதிருக்கும். வங்கிப் புத்தகத்தோடு சேர்த்து ஒரு பொலித்தீன் உறைக்குள் பத்திரமாக மடித்து வைத்திருந்த துண்டை எடுத்து நீட்டினார். பொலிசார் எழுதிக் கொடுத்த தண்டப்பணத் துண்டு. கையால் நிரப்பிய பகுதி முழுக்கச் சிங்களம். அச்சடித்திருந்த எழுத்தோ அவருடைய கண்ணுக்குப் பொடி. என்ன குற்றம் என்று எழுதியிருக்கிறார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியாது. ஆயிரம் ரூபா கட்ட வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

"தம்பி, ஆயிரம் ரூபா பெரிசில்லை. இதோட மூண்டு நாள் போச்சு" என்றார்.

முதல் நாள் காசோடு நேரே பொலிஸ் நிலையத்துக்குப் போயிருக்கிறார். இங்கே வாங்க மாட்டோம், தபாலகத்தில் கட்டிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் நாள் தபாலகத்துக்கு வந்தால் போயா விடுமுறை. இன்றைக்கு மூன்றாம் நாள். இதற்குப் பிறகு பற்றுச்சீட்டோடு மறுபடியும் பொலிஸ் நிலையம் போய்த்தான் லைசன்ஸை எடுக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் எங்கே என்று கேட்டேன். "வீட்டில. லைசன்ஸ் இல்லாமல் எப்பிடி ஓடுறது? பஸ்ஸில்தான் திரியிறன்."

அவர் கையிலிருந்த துண்டுதான் லைசன்ஸ். தண்டம் எழுதும்போது சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு பொலிசார் கொடுக்கும் அந்தத் தாள், 14 நாட்களுக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரமாகச் செல்லும். அதை வைத்துக்கொண்டு அவர் தாராளமாக வண்டி ஓடியிருக்கலாம். வாசிக்க முடியாத மொழியில் எழுதியிருந்ததால், ஒரு விவசாயி கையில் உரிமையை வைத்துக்கொண்டே மூன்று நாள் பஸ்ஸுக்குக் காத்து நின்றிருக்கிறார். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அதுதான்.

இலங்கையில் வீதிக் குற்றங்களை ஆள்வது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். அதன் 215அ பிரிவுதான், சிறு குற்றங்களை நீதிமன்றத்துக்குக் கொண்டு போகாமல் வீதியிலேயே தண்டம் எழுதி முடிக்கப் பொலிசாருக்கு அதிகாரம் தருகிறது. அப்படி முடிக்கக்கூடிய குற்றங்கள் 33. 2018இல் திருத்தப்பட்ட பட்டியலின்படி தலைக்கவசம் அணியாவிட்டால் 1,000 ரூபா. ஓட்டத்தில் கைத்தொலைபேசி பாவித்தாலும் தண்டம் உண்டு. லைசன்ஸ் இருந்தும் கையில் கொண்டு வராமல் விட்டாலும் தண்டம்தான். ஆனால் லைசன்ஸே எடுக்காமல் ஓடுவது முற்றிலும் வேறு குற்றம், அதற்குப் பிறகு வருவோம்.

வேகத்துக்கு ஒரு படிக்கணக்கு இருக்கிறது. எங்கள் ஏ9 வீதியில் அதிகம் எழுதப்படும் தண்டம் அதுதான் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஊர்மனைக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70. ஓட்டோவுக்கு எங்கும் 40தான். எல்லையை எத்தனை வீதம் தாண்டினீர்கள் என்பதைப் பொறுத்துத் தண்டம் ஏறும். கிளிநொச்சி நகருக்குள் 50 எல்லையில் 60க்குள் ஓடி அகப்பட்டால் 3,000 ரூபா. 65 வரை 5,000. 75 வரை 10,000. அதற்கும் மேலே போனால் 15,000. ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் என்று காட்டையும் வயலையும் பார்த்துக்கொண்டே 70இல் வந்தவருக்கு, ஊர்மனை தொடங்கியதும் எல்லை இறங்கிவிட்டது உடனே உறைக்காது. வேகமானியோடு நிற்பவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நிற்பார்கள்.

வன்னிக்கு இது புதுக் காட்சியும் இல்லை. 2002 ஏப்ரலில் ஏ9 திறந்த பிறகு, இதே வீதியில் விடுதலைப் புலிகளின் காவல்துறையினர் வேகமானியோடு நின்று தெற்கிலிருந்து வந்த வாகனங்களுக்கும் தண்டம் எழுதினார்கள். கொழும்புச் சாரதிகள் எல்லாம் ஓமந்தை தாண்டியதும் வேகத்தைக் குறைத்த காலம் அது. தண்டத் துண்டும் அதைக் கட்டும் அலைச்சலும் இங்குள்ளவர்களுக்கு இரண்டு ஆட்சியிலும் பழக்கம்.

இனிக் கட்டும் முறை. துண்டு எழுதிய நாளிலிருந்து 14 நாட்களுக்குள் தபாலகத்தில் கட்டினால் எழுதிய தொகை. 14 தாண்டி 28 நாளுக்குள் என்றால் இரட்டிப்பு. அதுவும் தாண்டினால் நீதிமன்றம். பற்றுச்சீட்டை, துண்டு எழுதிய அதே பொலிஸ் நிலையத்தில் காட்டித்தான் லைசன்ஸை மீட்க வேண்டும். கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் புதுக்குடியிருப்பிலிருந்து தம்புள்ளைச் சந்தைக்குப் பட்டா லொறியில் மரக்கறி ஏற்றிப் போகிறவர் மதவாச்சியில் அகப்பட்டால், அந்த லைசன்ஸ் மதவாச்சியில்தான் கிடக்கும். 2,000 ரூபாத் தண்டத்துக்கு மேல் டீசல் காசும் ஒரு நாள் உழைப்பும் போகும். நிலையத்துக்குப் போன நேரம் பொறுப்பான உத்தியோகத்தர் வீதிக் கடமையில் இருந்தால் இன்னொரு நாளும் போகும். வன்னியில் ஊருக்கும் கந்தோருக்கும் இடையில் இருக்கிற தூரத்தை இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். முல்லைத்தீவிலிருந்து பரந்தன் சந்தி மட்டுமே ஏறக்குறைய 50 கிலோமீற்றர்.

இந்த இடத்தில்தான் இலத்திரனியல் முறை நமக்குப் பெரிய காரியமாகிறது. அரசாங்கக் கொடுப்பனவுகளை இணையத்தில் செலுத்தும் கவ்பே தளம் 2025 பெப்ரவரி 7ஆம் திகதி தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் குருநாகல் பக்கத்துச் சில பொலிஸ் நிலையங்களில் வீதித் தண்டத்தை அதில் வாங்குவது பரீட்சார்த்தமாக ஆரம்பமானது. பின்னர் மற்றைய மாகாணங்களுக்கும் விரிக்கப்பட்டது. கைத்தொலைபேசியில் உங்கள் வங்கியின் செயலியைத் திறந்து, கவ்பேயில் இலங்கைப் பொலிஸைத் தெரிந்து, துண்டின் இலக்கம், குற்றம், லைசன்ஸ் இலக்கம், வாகன இலக்கம் என்று கேட்பவற்றை அடித்துப் பணத்தைச் செலுத்த வேண்டும். செலுத்தியதும் உத்தியோகத்தரின் கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி போகும். அதைப் பார்த்து அவர் லைசன்ஸை அந்த இடத்திலேயே திருப்பித் தர வேண்டும். தபாலகமும் இல்லை, இரண்டாம் முறை பொலிஸ் நிலையமும் இல்லை.

லைசன்ஸ் கையைவிட்டுப் போகாமல் இருப்பதுதான் இந்த முறையில் நமக்குக் கிடைக்கும் முழு நன்மை. ஆகவே உங்களை நிறுத்தினால், துண்டை வாங்கும்போதே கவ்பேயில் கட்டலாமா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வங்கிச் செயலி இல்லாதவர்கள் வீட்டிலிருக்கும் மகனையோ மகளையோ தொலைபேசியில் கூப்பிட்டு இந்த விபரங்களைச் சொல்லிக் கட்டுவிக்கலாம். பணம் யாருடைய கணக்கிலிருந்து போகிறது என்பது முக்கியமில்லை. திரையில் காட்டும் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு உறுதி செய்யுங்கள், வந்த பற்றுச்சீட்டை அழிக்காதீர்கள். ஒன்று மட்டும் கவனம். தண்டம் கட்டச் சொல்லி இணைப்போடு வரும் போலிக் குறுஞ்செய்திகள் நாட்டில் உலாவுகின்றன. உங்கள் கையில் துண்டு இல்லாமல், குறுஞ்செய்தி சொல்கிறதே என்று வங்கி அட்டை இலக்கத்தை எங்கும் அடிக்காதீர்கள்.

உத்தியோகத்தரின் கையில் காசு கொடுப்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. அரைவாசி தந்தால் விடுகிறேன் என்று யாராவது கேட்டால் அது இலஞ்சம். முறையிட 1954 என்ற இலக்கம் இருக்கிறது.

நீதிமன்றத்துக்குப் போகும் குற்றங்களுக்குத் துண்டும் இல்லை, கவ்பேயும் இல்லை. மது போதையில் ஓடுவது, லைசன்ஸ் எடுக்காமல் ஓடுவது, காப்புறுதி இல்லாமல் ஓடுவது, விபத்தை உண்டாக்குவது எல்லாம் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா நீதவான் நீதிமன்றங்களில் வழக்காகும். மது போதை, லைசன்ஸ் இல்லாமை, காப்புறுதி இல்லாமை ஆகியவற்றுக்குத் தண்டம் 25,000 ரூபாவிலிருந்து தொடங்குகிறது. மது போதைக்கு லைசன்ஸையும் இடைநிறுத்தலாம். லைசன்ஸ் எடுக்காத மகனிடம் மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிடும் தகப்பன்மார் இந்தத் தொகையை ஒருமுறை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

"கோட்டுக் காசு எவ்வளவு வரும்?" என்று பலர் கேட்கிறார்கள். வீதிக் குற்ற வழக்கில் நீதிமன்றத்துக்குள் நுழையக் கட்டணம் எதுவும் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டாலோ, விசாரணையில் நிரூபிக்கப்பட்டாலோ நீதவான் தண்டம் விதிப்பார். அதோடு அரச செலவு என்று ஒரு தொகையும் விதிக்கப்படலாம். இவை இரண்டையும் நீதிமன்றத்திலேயே கட்டிப் பற்றுச்சீட்டு வாங்க வேண்டும். சட்டத்தரணிக்குக் கொடுப்பது தனிக்கணக்கு, அதை நீதிமன்றத்தின் காசு என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தை நாடலாம். முழுத் தொகையும் கையில் இல்லாவிட்டால் காலம் கேட்கலாம், தவணை கேட்கலாம், நீதவானுக்கு அதை அனுமதிக்கும் அதிகாரம் உண்டு. காசில்லையே என்று பயந்து தவணைக்குப் போகாமல் விடுவதுதான் ஆபத்து. அப்படி விட்டால் பிடியாணை வரும்.

துண்டு எழுதிய குற்றத்தை நீங்கள் செய்யவே இல்லை என்றாலும் நீதிமன்றத்துக்குப் போக உங்களுக்கு உரிமை இருக்கிறது. தண்டத்தைக் கட்டினால் விஷயம் அதோடு முடிந்தது, பிறகு மறுத்துப் பேச இடமில்லை. கைத்தொலைபேசியில் ஒரு நிமிடத்தில் கட்டிவிடலாம் என்பதால், செய்யாத குற்றத்துக்கும் கட்டிவிட்டுப் போவோம் என்ற நினைப்பு வரத்தான் செய்யும். வழக்குக்கு இரண்டு நாள் அலைவதா, 1,000 ரூபாவைக் கட்டுவதா என்று கணக்குப் பார்த்துக் கட்டியவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

பொலிசார் நிறுத்தாமலே வரும் தண்டமும் இருக்கிறது. 2024 ஜனவரி 22 முதல் கொழும்பில் வீதிக் கமெராவைப் பார்த்துத் தண்டம் எழுதத் தொடங்கினார்கள். வாகனம் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருடைய ஊர்ப் பொலிஸ் மூலம் அறிவித்தல் வரும். இங்கே எத்தனை வாகனங்கள் ஓடுகிறவரின் பெயரில் இருக்கின்றன? வாங்கி ஐந்து வருடமாகியும் பெயர் மாற்றாமல், பழைய சொந்தக்காரர் ஒப்பமிட்ட பத்திரத்தை மடித்து வைத்திருப்பவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். கொழும்பில் சிவப்பு விளக்கைத் தாண்டுவது நீங்கள், அறிவித்தல் போய் நிற்பது யாரோ ஒருவரின் வாசலில். விற்றவர்களும் இதைக் கவனிக்க வேண்டும், வாங்கியவர்களும் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் இதற்கு எழுத்தில் விதி இருக்கிறது. 2021 ஓகஸ்ட்டில் அங்கே கொண்டுவரப்பட்ட 167அ விதியின்படி, கமெராவில் பதிந்த குற்றத்துக்கு 15 நாட்களுக்குள் அறிவித்தல் அனுப்ப வேண்டும். கமெரா இருக்கிறது என்று வீதியில் பலகை வைக்க வேண்டும். கருவிக்கு ஆண்டுதோறும் தரச்சான்று புதுப்பிக்க வேண்டும். ஏ9இலும் நாளைக்குக் கமெரா வரும். வருவதற்கு முன் இந்த மூன்றையும் நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியாக மொழி. 1988இன் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் தமிழை நிருவாக மொழியாக்கியது. வடக்கில் தமிழருக்கு எழுதப்படும் தண்டத் துண்டு தமிழில் இருக்க வேண்டும் என்பது யாரிடமும் கெஞ்சிக் கேட்கும் சலுகை இல்லை. மொழி உரிமை மீறலை முறையிட 1956 என்ற இலக்கம் இருக்கிறது. இலத்திரனியல் முறை முழுமையாக வந்தால் இதுவும் இலகுவாகத் தீரக்கூடியதுதான். கையெழுத்துக்குப் பதில் பட்டியலிலிருந்து குற்றத்தைத் தெரிந்தால், அதே குற்றம் மூன்று மொழியிலும் துண்டில் விழச் செய்யலாம்.

தபாலகத்தில் அந்த ஐயாவின் முறை வந்தது. கருமபீடத்தில் இருந்த பிள்ளைக்குக் கொஞ்சம் சிங்களம் தெரிந்திருந்தது. துண்டை வெளிச்சத்துக்குப் பிடித்து வாசித்துப் பார்த்து, "ஹெல்மெற் பட்டி பூட்டேல்லையாம் ஐயா" என்று சொன்னது. அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "பட்டி அறுந்து போனது. அதைத்தானோ காட்டிக் காட்டிச் சொன்னவர்?" பற்றுச்சீட்டை வாங்கிப் பொலித்தீன் உறைக்குள் வைத்து, துண்டையும் அதோடு சேர்த்து மடித்தார். அந்தத் துண்டை வைத்துக்கொண்டு வண்டி ஓடலாம் என்று நான் சொன்னதை நம்பாமல், பிள்ளையிடம் திரும்ப ஒருக்கால் கேட்டார். "ஓம், பதினாலு நாளைக்கு ஓடலாம்" என்றது பிள்ளை. துண்டு எழுதி அன்றைக்குப் பன்னிரண்டாம் நாள்.